நாலரை மீட்டர் மலை

மண்ணடியில் இரும்புக் கடைக்கு மேல்
எங்கள் டூர் ஆபீஸ்.
கீழே கம்பி வெட்டும்போது மேசை அதிர்ந்து
விரல் ஒரு எழுத்து கூட அடிக்கும்.
ஓசாக்கா, ஓசாக்க்கா ஆவது அப்படித்தான்.

ஓசாக்கா, நான்கு பகல், ஐந்து இரவு:
நூறு பேருக்காவது அடித்துக் கொடுத்திருப்பேன்.
கோட்டைக்குக் காலையிலேயே போய்விடவும்.
கால்வாய்க்கரை விளக்குகள் இருட்டிய பிறகு.
செர்ரிப் பூ ஏப்ரலில், கட்டணம் கூடுதல்.
நான் இதுவரை பார்த்தது தடா அருவி.
அன்றைக்கு அதில் தண்ணீர் இல்லை.

ஹெப்சிபா ஷிஃப்ட் முடிந்து நேராக வந்தாள்,
மஞ்சள் ஜாக்கெட்டைக் கழற்றாமல்.
துறைமுகத்தில் டாலி கிளார்க்.
பெட்டியின் நம்பரைப் பார்ப்பாள்,
சீல் உடையவில்லையா பார்ப்பாள்,
டிக் அடிப்பாள்.
பதினாறு வருடம்.
சீட்டு எடுத்த பணத்தை
பிஸ்கட் டப்பாவோடு மேசையில் வைத்து
"ஒத்த ஆளு, ஓசாக்கா" என்றாள்.

கோட்டையில் ஆரம்பித்தேன்.
"தெனம் பஸ்ஸுல ஒரு கோட்டையச் சுத்தித்தான் சார் வரேன்.
அதுக்குள்ள இன்னா கீது?"
லிஃப்ட் இருக்கிறது என்றேன்.
டப்பா மூடி கீழே விழும்படி சிரித்தாள்.
கால்வாய் என்றேன்.
"நம்மாண்டயும் கீது. லைட்டுதான் போடல."

பிறகு குரலை இறக்கி,
ஏதோ தப்பான இடத்துக்கு வழி கேட்பவள் போல:
"பெட்டிய எங்க சார் ஏத்துறாங்க?
அத்தப் பாக்கணும்."

அது என் பட்டியலில் இல்லை.
யார் பட்டியலிலும் இல்லை.
மேப்பைப் பெரிதாக்கிக்கொண்டே போனேன்.
துறைமுக ஓரம் ஒரு ராட்டினம்,
பக்கத்தில் மீன் காட்சியகம்,
அதையும் தாண்டி ஒரு மலை.
உயரம் நாலரை மீட்டர்.

கம்பி வெட்டியதில் புள்ளி இடம் மாறிவிட்டதென்று
இன்னொரு தடவை தேடினேன்.
இல்லை, அதேதான்.
ஆற்றைத் தூர் வாரிய சேற்றைக் கரையில் கொட்டி
மலை என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

அவள் எழுந்து என் பக்கம் வந்தாள்.
திரைக்கு மூக்கை ஒட்டிப் பார்த்தாள்.
"அள்ளுன மண்ண அங்கயே வெச்சிகினாங்களா?"

திருவொற்றியூர்க் குப்பத்தில் அவள் வீடு
கடலிலிருந்து மூன்றாவது தெரு.
அவள் பிறந்தபோது அது ஐந்தாவது தெரு.
வீடு நகரவில்லை.

அக்டோபரில் போனாள்.
மூன்று நாள் ஒரு தகவலும் இல்லை.
நான்காம் நாள் ஒரு படம்:
கொஞ்சம் புல், ஒரு கல், அவளுடைய செருப்பு.
"ஏறிட்டேன். மூச்சே வாங்கல."
அடுத்ததில் பாதித் திமிங்கலச் சுறா,
தொட்டியின் கண்ணாடியில்
மஞ்சள் ஜாக்கெட் முழுசாக.
அதை அங்கேயும் எடுத்துப் போயிருக்கிறாள்.
"இக்கரைலேர்ந்து அக்கரைக்கு போட்டு.
காசே வாங்கல சார், நாலு தபா போய் வந்தேன்."
கோட்டை? என்று கேட்டேன்.
"லிஃப்டு பாத்தேன்."

ஊர் திரும்பியவள் ஆபீசுக்கு வந்து
பழைய ரசீதின் பின்பக்கத்தைக் காட்டினாள்.
நான்கு எழுத்து, ஏழு எண்.
படகிலிருந்து கழுத்தைத் திருப்பிப் படித்ததாம்,
ஊதாப் பெட்டி, கிரேனில் தொங்கும்போது.
இங்கேதான் வருமா?
"எங்க போவுதுன்னு எனக்கின்னா தெரியும்?
எறக்குற எடத்துல யாராச்சும் டிக் அடிக்கணும் இல்ல?
நானாவும் இருக்கலாம்."

மழை முடிந்து பொங்கலும் போய்விட்டது.
அவள் இன்னும் டிக் அடித்தபடி தேடுகிறாள்.
இந்தக் கிறுக்கு எனக்கும் தொற்றிவிட்டது.
எண்ணூர் சாலையில் பஸ் நிற்க, பக்கத்தில் லாரி நிற்க,
ஜன்னல் வழியே கதவு கதவாகப் படிக்கிறேன்.

நேற்று ஒன்று.
ஊதா. நான்கு எழுத்தும் சரி.
எண்ணில் ஆறு சரி.
ஏழாவதன் மேல் சேறு அப்பியிருந்தது.
துடைத்துப் பார்க்க இறங்குவதற்குள்,
மணிக்கணக்காக அசையாத அந்த வரிசை
நேற்றுப் பார்த்து நகர்ந்துவிட்டது.